பத்து மீட்டர் ஏர் ரைபிள்: வடசென்னை வீட்டில் சிக்கனமாக ஒரு பயிற்சிக்கூடம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டின் அகலம் 14 அடி, நீளம் 58 அடி. தெருவாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் துணி துவைக்கும் அம்மாவுக்குக் காதில் விழாது. ரயில் பெட்டி மாதிரி வீடு என்று சின்ன வயதில் சலித்துக்கொண்டவன்தான் நான். ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தால் பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டை அடிக்கும் துப்பாக்கி, பழக ஆரம்பித்த பிறகு அந்த நீளத்தின் அருமை தெரிந்தது. போட்டித் தூரம் 10 மீட்டர், அதாவது 33 அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. எங்கள் நடையில் அது தாராளமாக அடங்குகிறது.

இந்த விளையாட்டைப் பணக்காரர் விளையாட்டு என்பார்கள். ரைபிள் விலையைப் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் ரைபிளைச் சுற்றி விற்கப்படும் சில்லறைச் சாமான்கள் இருக்கின்றனவே, பெல்லட் பிடிக்கும் பெட்டி, விளக்கு, ஸ்டாண்ட், பாதுகாப்புக் கொடி, கண்மறைப்பு, அவற்றில் பெரும்பாலானவை செம்புதாஸ் தெரு இரும்புக் கடைகளிலும் காசிமேட்டு வலைக் கடைகளிலும் காயலான் கடையிலும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. சேர்த்துக் கட்டத் தெரிந்தால் போதும். காசை ரைபிளுக்கும் பெல்லட்டுக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் வையுங்கள். மீதியைக் கையால் செய்யுங்கள். கையால் செய்யவே கூடாதவையும் சில உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 4.5 மி.மீ. விட்டமுள்ள குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. வாங்கிய ரசீதின் நகலை ரைபிள் பையிலேயே வைத்திருங்கள். பையை விட்டு வெளியே எடுத்தபடி தெருவில் நடக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது துப்பாக்கிதான், ஏரா எதுவா என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். மொட்டை மாடியில் கிளி, புறா என்று குறிபார்க்கிற ஆசை யாருக்காவது இருந்தால் இந்தக் கட்டுரை அவர்களுக்கு இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைப் பார்த்துக்கொள்ளும்.

இடம்

மாடி வேண்டாம். காற்றுக்குப் பெல்லட் நகரும் என்பது சின்னக் காரணம். கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அது யார் வீட்டு மாடியில் இறங்கும் என்று தெரியாது என்பதுதான் பெரிய காரணம். நம் பகுதியில் மாடிக்கு மாடி நாலு அடி இடைவெளிகூட இருக்காது. மூடிய நடை, நீளமான கூடம், கீழ்த்தளத்துக் கிடங்கு இவைதான் சரி.

நிற்கும் இடத்துக்கும் குறிக்கும் நடுவில் பக்கவாட்டில் கதவு இருந்தால் உள்ளிருந்து தாழ் போட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு கதவுகள். பயிற்சி நேரத்தில் இரண்டு தாழ்ப்பாளையும் நானே போட்டு, நானே இழுத்துப் பார்ப்பேன். "யாரும் வர மாட்டாங்க" என்ற வாக்குறுதியை நம்புவதில்லை. பாட்டிக்கு வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டால் அவர் எந்த வாக்குறுதியையும் மதிப்பதில்லை.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஹவுசிங் போர்டு வீடுகளில் 10 மீட்டர் கிடைக்காது. 5 மீட்டர் இருந்தாலும் போதும். குறி அட்டையைப் பாதியளவுக்குச் சுருக்கி அச்சடித்தால் கண்ணுக்கு 10 மீட்டரில் தெரிவது போலவே தெரியும். 7 மீட்டர் என்றால் 70 சதவீதம். பெல்லட் போடும் ஓட்டை மட்டும் சுருங்காது, அதனால் மதிப்பெண் கணக்கு ஒத்துவராது. நிற்பதையும் மூச்சையும் விரலையும் பழக இது தாராளம்.

உயரக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. போட்டியில் குறியின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர், கூடக்குறைய 5 செ.மீ. அனுமதி. நீங்கள் நிற்கும்போது கண் 1.55 மீட்டரில் இருந்தால் பார்வை 10 மீட்டருக்கு 15 செ.மீ. இறங்குகிறது. 5 மீட்டரில் அதில் பாதிதான் இறங்க வேண்டும், ஆகவே மையத்தை 1.475 மீட்டரில் வையுங்கள். இதை விட்டுவிட்டு 1.40-லேயே வைத்துப் பழகினால், கிளப்பில் போய் நிற்கும்போது ரைபிள் தானாகவே கீழே பார்க்கும். என்ன கோளாறு என்று புரியாமல் முழிப்பீர்கள்.

பெல்லட் பெட்டி

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். ஒரு பெல்லட்டின் எடை சுமார் 0.53 கிராம். போட்டி ரைபிளிலிருந்து அது நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கணக்குப் போட்டால் ஏழரை ஜூலுக்குச் சற்று மேல். சிலிண்டருக்குப் பதில் ஸ்பிரிங்கால் காற்றை அழுத்தும் ஸ்பிரிங் ரைபிள்கள் பல இதைவிடப் பலமானவை. நேராக நிற்கும் இரும்புத் தகட்டில் அடித்தால் ஈயம் நசுங்கி, சில்லுகள் வந்த வழியே திரும்பும். அதனால் தகடு சாய்ந்திருக்க வேண்டும்.

தேவையானவை: 15 கிலோ சமையல் எண்ணெய் டின் ஒன்று, 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்று, இரண்டு கிலோ பனியன் வேஸ்ட், பழைய கோணி.

டீக்கடையிலோ பஜ்ஜிக் கடையிலோ டின் கேட்டால் கொடுப்பார்கள். அதன் சதுர முகம் ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல், உயரம் ஏறக்குறைய 14 அங்குலம். போட்டியில் ரைபிள் அட்டை 8 செ.மீ. சதுரம், அதன் பின்னணி அட்டை 17 செ.மீ. சதுரம். நாம் அட்டையைப் பின்னணி அளவிலேயே செய்யப்போகிறோம், அதாவது ஏழு அங்குலத்துக்கும் குறைவு. இரண்டும் பேசி வைத்தது போலப் பொருந்தும். டின்னைச் சோப்பு, வெந்நீர் விட்டு நன்றாகக் கழுவி, மேல்மூடியை முழுதாக வெட்டி எடுங்கள். வெட்டிய ஓரத்தைச் சுத்தியலால் உள்பக்கம் மடித்துத் தட்டிவிடுங்கள். நான் மடிக்காமல் விட்டு வலது உள்ளங்கையில் நாலு தையல் வாங்கினேன். அந்த மாதம் முழுக்க ரைபிளைத் தொடவில்லை.

அடுத்து தகடு. செம்புதாஸ் தெருவில் கிலோ கணக்கில் வெட்டித் தருவார்கள். 9 அங்குலத்துக்கு 13 அங்குலம் என்று கேளுங்கள், ஒன்றே முக்கால் கிலோ வரும். டின்னைப் படுக்கவைத்து, திறந்த வாய் உங்களைப் பார்க்குமாறு வையுங்கள். தகட்டின் மேல்விளிம்பு உங்கள் பக்கமும் கீழ்விளிம்பு பின்பக்க மூலையிலும் இருக்குமாறு 45 டிகிரி சாய்வில் உள்ளே நிறுத்துங்கள். அடிபட்ட பெல்லட் கீழ்நோக்கித்தான் தெறிக்கும். இதைத் தலைகீழாக வைத்தால் பெல்லட் டின்னின் கூரையில் மோதி வெளியே வரும். ஆகவே நிறுத்தியதும் ஒரு தடவை விரலால் பாதையை வரைந்து பாருங்கள்.

தகட்டுக்குப் பின்னால் இருக்கும் முக்கோண வெற்றிடத்தில் பனியன் வேஸ்ட்டைத் திணியுங்கள். மெக்கானிக் கடையில் கிரீஸ் துடைக்க வைத்திருப்பார்களே, அதே கழிவுத்துணிதான். நம் ஏரியாவில் பாக்ஸிங் பழகும் பையன்கள் மூட்டையில் அடைப்பார்களே, அந்த இறுக்கம் வேண்டும். கையால் குத்தினால் முட்டி வலிக்க வேண்டும். இது தகட்டைத் தாங்கும், அதைவிட முக்கியமாகச் சத்தத்தைக் குறைக்கும். துணி இல்லாமல் முதல் நாள் அடித்தபோது "ணங்" என்ற ஒலி கேட்டு மாடி வீட்டு அக்கா சிலிண்டர் வெடித்துவிட்டதோ என்று இறங்கி வந்துவிட்டார். அடைத்த பிறகு "டப்" என்று ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான்.

டின்னின் அடியில் இரண்டு மடிப்புக் கோணியை விரியுங்கள். கீழே விழும் ஈயம் மறுபடி துள்ளாது. வாயின் ஓரமாக, அட்டைக்குப் பின்னால், கோணித் துண்டு ஒன்றைத் திரைபோலத் தொங்கவிடுங்கள். முன்பக்கம் கெட்டியான பெட்டி அட்டையால் மூடி, நடுவில் பெல்லட் போக மட்டும் நாலு அங்குல வட்டத்தை வெட்டி விட்டு, அதன் மேல் டார்கெட் அட்டையைக் கிளிப் போட்டு மாட்டுங்கள்.

பெட்டியைச் சுவரில் ஆங்கிள் அடித்து உட்காரவைத்தேன். பின்னால் 3 அடிக்கு 3 அடி, முக்கால் அங்குல பிளைவுட் பலகை. அதன் மேல் பழைய தேங்காய்நார் மெத்தையில் அறுத்த துண்டு. புதிதாகப் பழகுபவர் டின்னையே தவறவிடுவார், சந்தேகமே வேண்டாம்.

பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பத்து பெல்லட் அடித்துப் பார்த்துப் பெட்டியைத் திறங்கள். தகட்டில் பள்ளம் விழுந்திருக்கக் கூடாது, முன்பக்கத்து அட்டையில் உள்ளிருந்து வெளியே குத்திய தடம் இருக்கக் கூடாது. ஒரே ஒரு தடம் இருந்தாலும் சாய்வைச் சரிபார்த்து, திரையை இரட்டிப்பாக்கிவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

அட்டை

அச்சடித்த போட்டி அட்டை விலைக்குக் கிடைக்கும். தினமும் அறுபது அடிப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. அளவுகளைச் சொல்கிறேன், கணினியில் நீங்களே வரைந்துகொள்ளலாம். ரைபிள் அட்டையில் ஒன்றாம் வளையத்தின் விட்டம் 45.5 மி.மீ., அதிலிருந்து ஒவ்வொன்றாக 5 மி.மீ. குறைந்து ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ. பத்து என்பது வளையமே இல்லை, 0.5 மி.மீ. புள்ளி. நான்காம் வளையம் முதல் உள்ளே கறுப்பு, அதன் விட்டம் 30.5 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அந்தப் புள்ளியைவிட ஒன்பது மடங்கு அகலமான பெல்லட் அதைத் தொட்டாலே பத்து என்பதுதான் நமக்கு ஒரே ஆறுதல்.

சாதாரண ஏ4 தாளில் அச்சடித்தால் பெல்லட் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டை நட்சத்திரம் மாதிரி இருக்கும், மதிப்பெண் படிக்க முடியாது. கெட்டியான, பளபளப்பில்லாத அட்டை வேண்டும். தாளின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் கணக்கில் 200-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் வெட்டிப்போட்ட ஓரத்துண்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஏழு அங்குலத்துக்கு மேல் அகலமுள்ளதாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வந்த பழைய பத்திரிகைகளின் பின்பக்கம் இருக்கவே இருக்கிறது. மாமா பெண் கல்யாணப் பத்திரிகையில் என் முதல் பத்து விழுந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். மாமாவிடம் சொல்லவில்லை.

ஓர் அட்டையில் ஐந்து அடிக்கு மேல் வேண்டாம். ஓட்டைகள் சேர்ந்துவிட்டால் எது எங்கே போனது என்று தெரியாது. சந்தேகமான ஓட்டைக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் 4.5 மி.மீ. வட்டத்தை மெல்லிய கோட்டில் அச்சடித்து, ஓட்டையின் மேல் பொருத்திப் பாருங்கள். கோடு வளையத்தைத் தொட்டால் பெரிய எண் உங்களுடையது. சர்வதேசப் போட்டிகளில் இப்போது மின்னணுக் குறி, தசமத்தில் எண்ணி ஓர் அடிக்கு 10.9 வரை தருகிறார்கள். அறுபதுக்கு 654 உச்சம். வீட்டில் அது தேவையே இல்லை. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோது தகுதிச் சுற்றை முழு எண்ணில்தான் எண்ணினார்கள். 600-க்கு 598 அடித்தார்.

விளக்கு

வீட்டில் பழகி, கிளப்பில் போய் எண் மாறுவதற்கு வெளிச்சமும் ஒரு காரணம். போட்டி விதிப்படி குறியின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் அளவு வெளிச்சம் விழ வேண்டும். நம் நடையில் டியூப் லைட் வெளிச்சம் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஒரு 9 வாட் எல்இடி பல்பு போதும். பிஸ்கட் டின் மூடியைப் பிரதிபலிப்பான் போல அதன் பின்னால் வளைத்துக் கட்டி, அட்டையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை அடி தூரத்தில், மேலிருந்து சரிவாக விழுமாறு மாட்டுங்கள். நேர் முன்னாலிருந்து அடித்தால் அட்டை கூசும். செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. துல்லியம் முன்னே பின்னே இருந்தாலும் 300-க்கும் 1500-க்கும் வித்தியாசம் காட்டிவிடும். பல்புக்கு முன்னால் ஓர் அங்குலக் கட்டை மறைப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மாதத்துக்கு ஒரு பல்பு வாங்குவீர்கள். வயரும் ஹோல்டரும் டின்னைத் தொடக் கூடாது. நிற்கும் இடமும் கும்மிருட்டாக இருக்கக் கூடாது, அங்கே வீட்டு விளக்கு எரியட்டும்.

காசிமேட்டு நரம்பு

மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே வலைக் கடைகளில் நைலான் நரம்பு பல தடிமனில் கிடைக்கும். இரண்டு வகை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வகை, 2 முதல் 3 மி.மீ. தடிமன், கண்ணில் குத்தும் ஆரஞ்சு நிறம் கிடைத்தால் அதிருஷ்டம். இது பாதுகாப்புக் கொடி. ரைபிளில் பெல்லட் இல்லை என்பதை அடுத்தவருக்குக் காட்ட, குழலின் முழு நீளத்துக்கும் ஓடும் நாடாவைச் செருகி வைக்க வேண்டும் என்பது போட்டி விதி. குழல் நீளத்தைவிட முக்கால் அடி அதிகமாக வெட்டி, முனையை லைட்டரில் லேசாகக் காட்டி உருட்டிவிடுங்கள். பின்முனையில் ஆரஞ்சு ரெக்ஸின் துண்டைக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். கடையில் விற்பது இதைவிட எந்த விதத்திலும் உசத்தி இல்லை.

இரண்டாவது, ஒரு மி.மீ.க்கும் சற்றுக் குறைந்த நரம்பு. இது குழல் துடைக்க. மூன்று முழம் வெட்டி இரண்டாக மடித்து, மடிப்புத் தலையில் ஓர் அங்குலச் சதுரப் பனியன் துணியைக் கோத்து, நரம்பின் இரண்டு நுனிகளையும் பெல்லட் போடும் பக்கத்திலிருந்து விட்டு வாய்ப்பக்கம் நேராக இழுக்க வேண்டும். இழுக்கும்போது நரம்பு குழல்வாயின் ஓரத்தில் உரசக் கூடாது. அந்த விளிம்பில் கீறல் விழுந்தால் அப்புறம் பெல்லட் சொன்ன பேச்சு கேட்காது.

இதில் நான் செய்த முட்டாள்தனம்: துணியைப் பெரிதாக வெட்டி, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். நரம்பு அறுந்து, துணி நடுக்குழலில் மாட்டிக்கொண்டது. பித்தளைக் கம்பி முனையில் டேப் சுற்றி, எதிர்ப்பக்கத்திலிருந்து அரை மணி நேரம் தள்ளி எடுத்தேன். அன்றிலிருந்து துணியின் பின்புறமும் வால் மாதிரி இன்னொரு நரம்பைக் கட்டிவிடுகிறேன். முன்னால் போகாவிட்டால் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். இரும்பு பிரஷ் பக்கமே போகாதீர்கள். தினமும் துடைக்கவும் வேண்டாம். பெல்லட் டின் இரண்டு காலியானதும் ஒரு முறை, அல்லது குறி காரணமில்லாமல் சிதற ஆரம்பித்தால் ஒரு முறை.

சின்னச் சாமான்கள்

பெல்லட் கட்டை: மரவாடியில் தேக்குத் துண்டு கேட்டு வாங்கி, 5.5 மி.மீ. துளைக்கம்பியால் பத்துக்கு ஆறு என்று அறுபது குழிகள் போடுங்கள். ஆழம் 5 மி.மீ. போதும். பெல்லட்டைத் தலைகுப்புற அடுக்கினால் பாவாடை போல விரிந்த அதன் பின்ஓரம் நசுங்கியது அடுக்கும்போதே தெரிந்துவிடும், இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணவும் வேண்டாம். சௌகார்பேட்டை நகைத் தராசில் ஒவ்வொரு பெல்லட்டையும் நிறுத்துப் பிரிக்கும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். 600-க்கு 570 தாண்டாதவர்களுக்கு அது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம். அந்த நேரத்துக்கு நின்று பழகலாம். பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். தச்சர் ஆணியைக் கவ்வலாம், இது ஈயம்.

கண்மறைப்பு: குறிபார்க்காத கண்ணை இறுக மூடினால் முகத் தசை இழுத்து, திறந்த கண்ணும் களைத்துப்போகும். கறுப்புத் துணியால் மறைத்தாலும் சரியில்லை. ஒரு கண் இருட்டில் இருந்தால் இரண்டு கண்மணியும் விரியும், பார்வையின் கூர்மை குறையும். ஆகவே வெளிச்சம் வர வேண்டும், உருவம் தெரியக் கூடாது. ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியில் 3 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாமல் பட்டை வெட்டி, தொப்பி ஓரத்திலோ கண்ணாடிச் சட்டத்திலோ கிளிப்பால் மாட்டிக்கொள்ளுங்கள். செலவு ஐஸ்கிரீம்தான்.

ஸ்டாண்ட்: அடிக்கும் அடிக்கும் நடுவில் ரைபிளை இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முப்பதாவது அடியில் தோள் கழன்றுவிடும். போட்டி ரைபிளின் உச்ச எடை 5.5 கிலோ. காயலான் கடையில் உடைந்த மைக் ஸ்டாண்டைக் கேளுங்கள், வார்ப்பிரும்பு அடித்தட்டோடு இருந்தால் விடாதீர்கள். தலையில் பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து பள்ளமாக வைத்து, பழைய கம்பளி ஒட்டினால் தயார். உங்கள் தோளுக்குக் கீழேயே அது நிற்க வேண்டும். பிவிசியிலேயே முழு ஸ்டாண்டும் கட்டலாம், ஆனால் அடிக்குழாய்களில் மணல் நிரப்பாவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கே ஆடும்.

உப்புக் காற்று

அண்ணா நகர்க்காரருக்கு இந்தப் பகுதி வேண்டியிருக்காது. ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர்க்காரர்கள் கவனிக்கவும். கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே வாரத்தில் இரும்பில் செம்புள்ளி வந்துவிடும். விரல் வியர்வையும் உப்புதான்.

ரைபிளை ஸ்பாஞ்ச் வைத்த பையில் வைத்து பீரோவில் பூட்டுவதுதான் பெரிய தப்பு. ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பை பயணத்துக்கு மட்டும். வீட்டில், பழைய பருத்தி வேட்டியில் உறை தைத்து, செருப்புப் பெட்டி, மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டுப் பூட்டுங்கள். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்ட துணியால், பயிற்சி முடிந்ததும் வெளியிரும்பை ஒரு துடை.

வெளியிரும்பை மட்டும். ஸ்பிரிங் ரைபிளின் காற்று அறைக்குள் எண்ணெய் போனால், பிஸ்டன் அழுத்தும் சூட்டில் அது தீப்பற்றி வெடிக்கும், காற்று கசியாமல் அடைக்கும் சீல் கருகிவிடும். தேங்காய் எண்ணெய் போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் தலைக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கையால் செய்யக் கூடாதவை

காற்று சிலிண்டர். போட்டி ரைபிள்களில் சிலிண்டருக்குள் 200 பார், சிலவற்றில் 300 பார் அழுத்தம். நம் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிற்கிறது, நிரப்பித் தர ஆளும் இருக்கிறார், விலையும் மலிவு. செய்யாதீர்கள். அழுத்தத்தில் ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் போதும், வெடிப்பதற்குத் தீக்குச்சி தேவையில்லை. உலர்ந்த காற்று மட்டுமே நிரப்ப வேண்டும். போட்டி விதிப்படி சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டு. செகண்ட் ஹாண்ட் ரைபிள் வாங்கும்போது சிலிண்டரில் பொறித்த தேதியை முதலில் படியுங்கள்.

கண்ணாடி. பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியைக் கடையில் வாங்குங்கள். பர்மா பஜார் கூலிங் கிளாஸ் அந்த வேலையைச் செய்யாது.

ட்ரிக்கர், ஸ்பிரிங், சீல். பட்டறையில் லேத் வைத்திருக்கும் அண்ணன் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ரைபிளின் உள்வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங்கைப் பலமாக்கினால் 20 ஜூலைத் தாண்டி உரிமம் தேவைப்படும் ஆயுதமாகிவிடும் என்பது ஒரு பக்கம். லேசாக்கிய ட்ரிக்கர் கீழே வைக்கும்போதே விடுபடும் என்பது இன்னொரு பக்கம்.

ஈயத்தை உருக்குவதும் இதே பட்டியலில்தான். பெட்டியில் சேர்ந்த ஈயத்தை உருக்கித் திரும்பப் பெல்லட் வார்க்கலாமே என்று கேட்பார்கள். வீட்டு அடுப்பில் ஈயப் புகை, பக்கத்தில் குழந்தை. யோசித்துப் பாருங்கள்.

ஒரு நாள் பயிற்சி

தாழ்ப்பாள், விளக்கு, கண்ணாடி, இந்த வரிசையில் ஆரம்பிக்கிறேன். முதல் பதினைந்து நிமிடம் பெல்லட்டே இல்லை. ரைபிளைத் தூக்கி, குறியில் நிறுத்தி, எட்டு வினாடி வைத்திருந்து இறக்குவது. ஸ்பிரிங் ரைபிள்காரர்கள் இதில் ட்ரிக்கரை இழுக்கக் கூடாது. பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் போய்ச் சுவரில் முட்டுவது போல முட்டி உடையும். குழலை மடக்கிப் பெல்லட் போடும் ரைபிளானால், போட்டு முடிக்கும்வரை ஒரு கை குழலை விடவே கூடாது. காற்று சிலிண்டர் வைத்த போட்டி ரைபிள்களில் வெறும் ட்ரிக்கர் பழக ஏற்பாடு இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ரைபிள் இன்னும் வாங்காதவர்கள், மரவாடிப் பலகையைத் துப்பாக்கி உருவத்தில் அறுத்து, நாலு கிலோ வரும்படி இரும்புத் துண்டுகளைக் கட்டி இதே பயிற்சியைச் செய்யலாம். நான் ஏழு மாதம் அப்படித்தான் நின்றேன். தெருப் பையன்கள் கட்டைத் துப்பாக்கி அண்ணன் என்று பெயரும் வைத்தார்கள்.

பிறகு நாற்பது, ஐம்பது அடி. போட்டியில் அறுபது அடிக்கு 75 நிமிடம், அதனால் வீட்டில் அவசரப்பட ஒன்றுமில்லை. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் தேதியையும், விடுவதற்கு முன் எங்கே போகும் என்று நினைத்தேன் என்பதையும் எழுதுகிறேன். நினைத்த இடமும் ஓட்டையும் ஒத்துப்போகும் நாட்களில் எண் குறைவாக இருந்தாலும் கவலைப்படுவதில்லை.

முடிந்ததும் கொடியைச் செருகிவிட்டுத் தரையை ஈரத்துணியால் துடைக்கிறேன். துடைப்பம் போட்டால் ஈயத் தூசி எழும்பும். துடைத்த துணி தனி வாளியில். பயிற்சிச் சட்டையும் வீட்டுத் துணியோடு சேராது. கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் டீ. அறுபது அடித்த நாளில் பெட்டிக்குள் 32 கிராம் ஈயம் விழுகிறது, வருடத்தில் முந்நூறு நாள் அடித்தால் ஒன்பதரை கிலோ. மாதக் கடைசி ஞாயிறு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு டின்னைத் திறந்து, கோணியை உதறாமல் மெல்லச் சரித்து, ஈயத்தை மூடியுள்ள பெயின்ட் டப்பாவில் கொட்டி வைக்கிறேன். டப்பா நிறைந்ததும் காயலான் கடை. போன முறை கொடுத்த காசில் 500 பெல்லட் டின் ஒன்று வாங்க முடிந்தது, கடைக்காரர் மட்டும் டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு "வலைக்கு ஈயக்குண்டு ஊத்துறீங்களா தம்பி?" என்று கேட்டார்.